மீனுக்கு முன்னே ஆறு சொல்லும்

கேள்வி: ஐயா, ஜப்பானில் வேலை செய்யும் அண்ணன் தென்காரா கோல் (நூல் சுற்றும் உருளை இல்லாத ஜப்பானியத் தூண்டில் கோல்) அனுப்பினார். அங்கே மலை ஓடையில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறோம். நானே கட்டிய இறகுப்பூச்சிகளில் (முள்ளில் இறகு கட்டிச் செய்த போலிப் பூச்சி இரை) எது நல்லது என்று எப்படிச் சோதிப்பது?
- தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பாதிச் சோதனையைச் சுங்கை ப்ளூஸ் ஆற்றங்கரையிலேயே முடிக்கலாம். பூச்சியை ஓட்டத்தில் விட்டு, கோல் நுனியை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். முன்னோக்கிக் கட்டிய இறகு மூடி மூடி விரிய வேண்டும். முள்ளோடு ஒட்டிக்கிடந்தால் அவிழ்த்துக் கட்டுங்கள். பெட்டைக்கோழிக் கழுத்திறகு மென்மையானது, நன்றாக அசையும். சேவலிறகு விறைப்பு, வேகநீருக்கு அதுதான்.

ஓடையில் அளவை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். நூல் தண்ணீரில் படக்கூடாது. பட்டால் பூச்சி இழுபடும், சோதனையே வீண். ஒரு மீன் கடித்ததற்காகத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான ஓடைகளில் தடை, அண்ணனிடம் கேட்டுக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.