அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கு இடையே ஏன் இவ்வளவு பண ஏற்றத்தாழ்வு?

அங்கே பள்ளிச் செலவில் பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) வசூலிப்பது பெரும்பாலும் அந்த மாவட்டத்துக்கே. திருவிழா வரியைத் தெருவுக்குத் தெரு பிரித்து, அந்தந்தத் தெருவிலேயே செலவழிப்பது போல.

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1967-68 கணக்கைப் பாருங்கள். மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டும் மாணவருக்கு 26 டாலர்தான் திரட்டியது. வசதியான அலமோ ஹைட்ஸுக்கு 85 சென்ட் வரியிலேயே 333 டாலர் கிடைத்தது. ஏழைகள்தான் அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள்! பெற்றோர் வழக்குப் போட்டனர். 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று பிளந்து, கல்வி அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று கைவிரித்தது.

அதே நீதிமன்றத்தின் 1954 பிரவுன் தீர்ப்போடு பள்ளிகள் சமமாகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தடை செய்தது சட்டப்படியான நிறப்பிரிவினையை, பண வித்தியாசத்தை அல்ல.