நாடு வெளியே நிற்கிறது, ஜனங்கள் உள்ளே வந்துவிட்டார்கள்

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து வியன்னா வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் செர்பியாக்காரர் ஒருவரும் உள்ளூர்க்காரர் ஒருவரும் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் "எங்களை எப்போதுதான் சேர்க்கப் போகிறீர்கள்" என்கிறார், மற்றவர் "இருபத்தேழு நாடே அதிகம், போதும்" என்கிறார். "நீ என்ன சொல்கிறாய்" என்று உங்கள் பக்கம் திரும்பியதும் முழித்தீர்கள். சரி. நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டு விஷயம்: ஐரோப்பிய ஒன்றியம் புது நாடுகளைச் சேர்ப்பது சரியா? சேர்த்தால் நம்மைப் போன்றவர்களின் வேலைக்கு அடி விழுமா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் தூக்கம் கெடுவது அதனால்தான் என்று எனக்குத் தெரியும். ஒன்றிய நாட்டுக்காரருக்கு இங்கே வேலை பார்க்க எந்த அனுமதியும் வேண்டாம், உங்களுக்கு ரெட்-ஒயிட்-ரெட் கார்டு வேண்டும். அந்த வித்தியாசம் நிஜம். ஆனால் ஒரு நாடு சேர்ந்த மறுநாளே அதன் ஜனங்கள் வேலைக்கு வந்து வரிசையில் நிற்க முடியாது. 2004 மே 1 அன்று பத்து நாடுகள் சேர்ந்தன. அவற்றில் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் எட்டுக்கும் ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் வேலைச் சந்தையை முழுதாகத் திறந்தது 2011 மே மாதம்தான். ஏழு வருடம். 2013 ஜூலையில் சேர்ந்த குரோஷியாக்காரருக்கும் இங்கே அதே ஏழு வருடம், 2020 ஜூன் கடைசி வரை. சேரக் காத்திருக்கும் மாண்டினீக்ரோ நாளைக்கே சேர்ந்தாலும், அந்தக் கெடு முடிவதற்குள் நீங்கள் ஐந்து வருடத்தை முடித்து, பி1 ஜெர்மன் தேர்வு எழுதி, நிரந்தர வசிப்பு அட்டை வாங்கிவிடலாம். அது கையில் இருந்தால் எந்த வேலைக்கும் தனி அனுமதி தேவையில்லை. ஆகவே செர்பியாவைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில் ஜெர்மன் படியுங்கள்.

முதல் கேள்விதான் பெரியது. அதற்குப் பதில் சொல்ல என் கதை கொஞ்சம் வேண்டும்.

நான் நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி 2005இல் வந்தேன். ஊரில் நர்ஸ். இங்கே வந்ததும் அந்தப் படிப்பை 'நோஸ்ட்ரிஃபிகேஷன்' செய்ய வேண்டும் என்றார்கள். அதாவது சான்றிதழை மொழிபெயர்த்து, சில பாடங்களைத் திரும்ப எழுதி, பயிற்சிக்கும் போய், அப்புறம்தான் நீ நர்ஸ். எனக்கு இரண்டரை வருடம் ஆனது. அந்த வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் போஸ்னியாக்காரி. அவள் ஊர் இங்கிருந்து காரில் ஏழு மணி நேரம், என் ஊர் விமானம் மாறி மாறி ஒரு நாள் பயணம். ஆனாலும் அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்கு நாங்கள் இருவரும் 'மூன்றாம் நாட்டவர்'தான், அதாவது ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்கள். அதே வார்டில் எங்களுக்கு முன்பே சேர்ந்திருந்த ஸ்லோவாக்கியாக்காரிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒன்றியத்துக்குள் நர்ஸ் படிப்பு நேராகச் செல்லும். ஒரே வேலை, ஒரே ஷிஃப்ட், ஒரே மருந்து வண்டி.

அந்த ஸ்லோவாக்கியாக்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். பிராட்டிஸ்லாவா இங்கிருந்து 60 கிலோமீட்டர்தான். எனக்குத் தனி விசா வேண்டியிருந்தது, போகவில்லை. 2007 டிசம்பர் 21 அன்று அந்த எல்லைச் சோதனை எடுக்கப்பட்டது. அடுத்த வாரமே நானும் அவரும் ரயிலில் போய் அவள் வீட்டில் முட்டைக்கோஸ் சூப் குடித்துவிட்டு வந்தோம். சூப் அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனால் ஒரு ஒன்றியம் பெரிதாவது என்றால் என்ன என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரியவில்லை, அந்த ரயிலில்தான் புரிந்தது.

உங்கள் உள்ளூர்ச் சகா "போதும்" என்கிறாரே, அவரிடம் ஒன்று நினைவூட்டலாம். ஆஸ்திரியாவே 1989இல் மனுப் போட்டு, 1994இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, 1995இல்தான் உள்ளே வந்தது. பிரிட்டனைப் பிரான்ஸ் அதிபர் டகால் 1963இல் ஒரு முறை, 1967இல் ஒரு முறை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார். முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள் அடுத்த ஸ்டேஷனில் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு "இடமில்லை, இடமில்லை" என்பார்கள் அல்லவா, அந்தப் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

ஆனாலும் உங்கள் உள்ளூர்ச் சகாவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில், பத்தாவது வட்டாரத்தில், குவெல்லன் தெருவில் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது முன்பு ஹங்கேரியின் புடாபெஸ்டில் இருந்தது. 2017இல் ஹங்கேரி அரசு கொண்டுவந்த ஒரு சட்டத்தால் அங்கே நடத்த முடியாமல் 2019இல் இங்கே வந்தது. அந்தச் சட்டம் ஒன்றியத்தின் விதிகளுக்கு முரணானது என்று ஒன்றிய நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது மாணவர்கள் ஏற்கெனவே இங்கே வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹங்கேரி 2004இல் சேர்ந்த நாடு. சேருவதற்கு முன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியது. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்பதற்கு ஐரோப்பாவில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரு நாட்டை உள்ளே விட்டபின் வெளியேற்ற வழியே கிடையாது. வாக்குரிமையை நிறுத்திவைக்கலாம், அதற்கு மற்ற அரசுகள் அத்தனையும் ஒருமனதாகக் கைதூக்க வேண்டும். பணத்தை நிறுத்தலாம், 2022இல் செய்தார்கள். அது கொஞ்சம் உறைத்தது.

அப்படியானால் கதவை மூடிவிடலாமா என்றால், இல்லை. மூடினால் என்ன ஆகிறது என்பதை என் வார்டில் தினமும் பார்க்கிறேன்.

செர்பியா சேரவில்லை, போஸ்னியா சேரவில்லை, ஆனால் அவற்றின் ஜனங்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். ஆஸ்திரியா 1966இல், அந்த இரண்டும் அப்போது அடங்கியிருந்த யூகோஸ்லாவியாவோடு ஒப்பந்தம் போட்டு ஆள் கூட்டி வந்த காலத்திலிருந்தே அது நடக்கிறது. எங்கள் கட்டடத்தை ஐம்பது வருடமாகப் பார்த்துக்கொண்டது ஒரு செர்பியக் குடும்பம்தான். மாடியில் இருந்த தொண்ணூறு வயதுப் பாட்டிக்கு இரண்டு வாரம் ஒருத்தி, அடுத்த இரண்டு வாரம் இன்னொருத்தி என்று மாறி மாறி வந்தவர்கள் முதலில் ஸ்லோவாக்கியர்கள், பிறகு ருமேனியர்கள். 2020 மார்ச்சில் எல்லைகளை மூடியபோது, இந்தப் பராமரிப்புப் பெண்களை ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் தனி விமானம் வைத்து அழைத்து வந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2022 டிசம்பரில், அதே ருமேனியாவும் பல்கேரியாவும் ஷெங்கனில், அதாவது எல்லைச் சோதனை இல்லாத வட்டாரத்தில், சேருவதை ஆஸ்திரியா தடுத்தது! அவர்களுக்குத் தரை எல்லை திறந்தது 2025 ஜனவரியில்தான்.

வெளியே நிற்பது ஜனங்கள் இல்லை. அந்த நாடுகளின் நீதிமன்றமும் போலீசும் டெண்டர் விடுகிற அமைச்சகமும்தான் வெளியே நிற்கின்றன. ஒன்றியத்தில் சேருவது என்றால், நம்மூர் ஆட்கள் நினைப்பதுபோல் ஐரோப்பிய பாஸ்போர்ட் கிடைப்பது மட்டுமில்லை. முப்பத்தைந்து அத்தியாயங்களாகப் பிரித்து, மாடு வெட்டும் கூடத்திலிருந்து நீதிபதி நியமனம் வரைக்கும் சட்டத்தை மாற்றச் சொல்கிறார்கள். தன் ஊரில் லஞ்சம் கொடுக்காமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடியுமென்றால் என் போஸ்னியச் சிநேகிதியின் அக்கா அங்கேயே இருந்திருப்பாள். அவளும் இப்போது இங்கே ஆஸ்திரியாவில், கிராட்ஸில் இருக்கிறாள்.

சேர்ந்தாலும் ஜனங்கள் போவார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. குரோஷியாவில் 2011 கணக்கெடுப்பில் 42.8 லட்சம் பேர், 2021இல் 38.7 லட்சம். நடுவில்தான் சேர்ந்தது. இப்போது அங்கே ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் நேபாளிகளும் பிலிப்பைன்ஸ்காரர்களும் நம் இந்தியப் பையன்களும் இருக்கிறார்கள். ஸ்ப்ளிட் நகரில் சாப்பாட்டைச் சைக்கிளில் கொண்டுவந்த பையனிடம் "எந்த ஊர் தம்பி" என்று கேட்டால் இந்தியில் பதில் வருகிறது. போலந்தின் கதை வேறு. சேர்ந்த வருடத்தில் அங்கே ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. நாங்களும் ஜெர்மனியும் கதவைச் சாத்தியதால் பிரிட்டனுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இன்று ஒன்றியத்திலேயே வேலையின்மை குறைந்த நாடுகளில் போலந்தும் ஒன்று. ('நாங்கள்' என்று எழுதிவிட்டேன் பாருங்கள். இருபது வருடமாக இருந்தால் வாய் அப்படித்தான் வரும். எனக்கு இங்கே ஓட்டுக்கூட இல்லை. நான் இந்திய பாஸ்போர்ட்டை விடவில்லை. 2013க்குப் பிறகு என் குரோஷிய அண்டைவீட்டுக்காரிக்கு வட்டார மன்றத் தேர்தலில் ஓட்டு வந்துவிட்டது.)

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். சேர்க்கமாட்டோம் என்று சொல்வதில்கூட இல்லை. சேர்ப்போம் என்று சொல்லிவிட்டு இழுத்தடிப்பதில். 2003இல் கிரீஸின் தெசலோனிக்கியில் கூடி, செர்பியா, போஸ்னியா போன்ற மேற்கு பால்கன் நாடுகளின் எதிர்காலம் ஒன்றியத்துக்குள்தான் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு குரோஷியா மட்டும்தான் உள்ளே வந்திருக்கிறது. மாசிடோனியாவைப் பாருங்கள். 2005இல் சேர்வதற்கான 'வேட்பாளர் நாடு' என்றார்கள். "மாசிடோனியா என்பது எங்கள் மாகாணத்தின் பெயர்" என்று கிரீஸ் தடுத்தது. 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் போட்டு, நாட்டின் பெயரையே வடக்கு மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு நாடு தன் பெயரை மாற்றிக்கொள்கிறது! 2019 அக்டோபரில் பிரான்ஸ் "முதலில் சேர்க்கும் முறையையே சீர்திருத்த வேண்டும்" என்றது. அது தீர்ந்தது என்று நினைத்தால், 2020 நவம்பரில் பல்கேரியா எழுந்து, உங்கள் மொழியும் சரித்திரமும் எங்களுடையது என்றது. கடைசியில் 2022 ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கியது, பல்கேரியர்களை அரசியல் சட்டத்தில் சேர்த்து எழுதினால்தான் மேலே போகலாம் என்ற நிபந்தனையோடு. இலவு காத்த கிளிகூட ஒரு தடவைதான் ஏமாந்தது.

இதற்குக் காரணம் விதி. ஒவ்வொரு அத்தியாயத்தைத் திறக்கவும் மூடவும் அத்தனை உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். லஞ்சம் ஒழிந்ததா, நீதிமன்றம் சுதந்திரமா என்று கேட்கிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனின் வரப்புச் சண்டையும் நுழைந்துவிடுகிறது. கொசோவாவுக்கு இன்னும் மோசம்: ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்தும் அதை ஒரு நாடாகவே ஏற்கவில்லை.

உக்ரைன் தனிக் கணக்கு. போர் தொடங்கிய ஐந்தாம் நாள், 2022 பிப்ரவரி 28 அன்று, மனுப் போட்டார்கள். ஜூனில் வேட்பாளர் தகுதி வந்துவிட்டது. பால்கன்காரர்கள் பல்லைக் கடித்தார்கள், என் சிநேகிதி உட்பட. ஆனால் தகுதி கொடுப்பது சுலபம். உக்ரைனின் உழுநிலம் மட்டுமே இத்தாலி முழுவதையும்விடப் பெரியது. ஒன்றியத்தின் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்குத்தான் போகிறது, அதிலும் பெரும்பகுதி நிலத்தின் பரப்பைப் பார்த்து. இன்று வாங்குகிற போலந்து விவசாயி நாளை கொடுக்கிறவனாக வேண்டும். 2023இல் உக்ரைன் கோதுமை மலிவாக வந்து குவிந்ததுமே போலந்தும் ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் இறக்குமதியைத் தடுத்தன. போலந்து உக்ரைனின் நெருங்கிய நண்பன் என்பதை மறந்துவிடாதீர்கள். பணத்தைப் பங்கிடும் முறையை மாற்றாமல் உக்ரைனைச் சேர்க்க முடியாது. துருக்கி 1987இல் மனுப் போட்டது, 2005இல் பேச்சு தொடங்கியது, பல வருடமாக அசையவில்லை. இரு தரப்புக்கும் மனமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஆக, என் பதில்: சேர்க்க வேண்டும். தயாரான சின்ன நாடுகளை முதலில், தாமதிக்காமல். மாண்டினீக்ரோவில் ஆறு லட்சத்துச் சொச்சம் பேர், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுமா என்பது சந்தேகம். யூரோவைத்தான் புழங்குகிறார்கள், 2012 முதல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சேர்த்தால் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் இடிந்து விழாது. ஆனால் அதற்கு முன்பே, ஒரே நாடு எல்லாவற்றையும் தடுக்க முடிகிற வீட்டோ விதியைத் தளர்த்த வேண்டும், உள்ளே வந்தபின் ஆட்டம் காட்டினால் பணம் நிற்கும் என்பதைச் சேரும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். செர்பியாவை இன்றைய நிலையில் சேர்க்கச் சொல்லமாட்டேன். அதை உங்கள் செர்பியச் சகாவிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள், அவருக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கும்.

மேசையில் மறுபடி கேட்டால் இவ்வளவு கதையும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி எர்ட்பெர்க் பஸ் நிலையத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். செர்பியாவின் பெல்கிரேடுக்கும் போஸ்னியாவின் துஸ்லாவுக்கும் போகிற பஸ்களில் வாஷிங்மெஷின் அட்டைப்பெட்டி முதல் பேரப்பிள்ளைக்கு வாங்கிய சைக்கிள் வரை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஹங்கேரி எல்லையில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று டிரைவரிடம் விசாரிப்பார்கள். அவர்களோடு உங்கள் செர்பியாக்காரரும் நின்றால் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள், அங்கே இயந்திரத்தில் வருவது சுமாராகத்தான் இருக்கும்.