உப்பிய டப்பாவும் தராத பில்லும்

கேள்வி: தகர டப்பாவில் அடைத்த மீன் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் மூடி உப்பியிருக்கிறது. "வெயில் பட்டிருக்கும், கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். கேட்டும் பில் தரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். நாக்கில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே கிருமி பெருகி வாயு விட்டாலும் மூடி இப்படித்தான் உப்பும். நரம்புகளை முடக்கும் பாட்டுலிசம் நஞ்சு, வாடையே இல்லாமலும் இருக்கக்கூடும்.

டப்பா உணவு போர்க்காலத்தில் வளர்ந்த சரக்கு. உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக அடைத்துக் கொதிநீரில் வேகவைத்துக் காத்த நிக்கோலா அப்பேருக்கு, பிரெஞ்சு அரசு 1810இல் 12,000 பிராங்க் கொடுத்தது. 1813இல் லண்டனில் பிரயன் டாங்கின் என்ற பொறியாளர் தன் கூட்டாளிகளோடு நடத்திய ஆலை, பிரிட்டிஷ் படைகளுக்காகத் தகர டப்பாவில் இறைச்சி அடைத்தது. அடைத்த டப்பாக்களை ஒரு மாதம் சூடான அறையில் வைத்திருந்து, உப்பாதவற்றை மட்டுமே அனுப்பினார்கள். உணவைக் கெடுப்பது கிருமி என்று பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டர் நிறுவுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, உப்பிய டப்பா ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பில் தராதது இன்னும் மோசம். இன்றைய ஈராக்கில் இருக்கும் ஊருக் நகரின் இயன்னா கோயிலில், 5,000 ஆண்டுகளுக்கு முன்பே பார்லி, பீர், ஆடு என்று வந்ததும் போனதும் களிமண் பலகைகளில் பதிவாயின. உலகின் மிகப் பழைய எழுத்துகளில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். பின்னாளில் அதே பகுதியில் ‘ஊர்’ என்ற பெயருள்ள நகரின் மன்னர்கள் காலத்துச் சுமேரிய ரசீது ஒன்றைப் பாருங்கள்: உள்ளங்கைக்குள் அடங்கும் பலகை. என்ன பொருள், எவ்வளவு, யார் கொடுத்தார், யார் பெற்றுக்கொண்டார், எந்த மாதம், எந்த ஆண்டு, எல்லாம் அதில் இருக்கும். அதன்மேல் களிமண் உறை. உறையிலும் அதே வாசகம், உருளையை உருட்டிப் பதித்த முத்திரை. வழக்கு வந்தால் உறையை உடைத்து உள்ளிருப்பதோடு ஒப்பிடலாம்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். டப்பாவின் தொகுதி எண்ணையும் தேதியையும் படமெடுங்கள். செல்போனில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவே சான்று. கடைக்குப் போய்ப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். அதுவரை டப்பாவை இரண்டு பைகளில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.