கராஜுக்குள் ஒரு ரயில்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டுக் கராஜில் எட்டடிக்கு நாலடி பலகை போட இடமிருக்கிறது. நம் தென்னாப்பிரிக்க ரயிலையே சிறு மாதிரி ரயிலாக ஓட்ட ஆசை. எந்த அளவில் தொடங்கலாம், ஐயா?

பதில்: தம்பி, நம் ரயில் பாதையின் அகலம் 1067 மில்லிமீட்டர். கடையில் எளிதில் கிடைக்கும் எச்ஓ (HO) என்ற மாதிரி ரயில் வகையின் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். வண்டியை 64-இல் ஒரு பங்காகச் செய்தால் இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். பெட்டிகளைப் பெரும்பாலும் நீங்களேதான் கட்ட வேண்டும். பொறுமை இருந்தால் சரி. நாலடி அகலத்தில் வளைவு இறுக்கமாகத்தான் வரும். நீளமான பயணிகள் பெட்டி அதில் திணறும், குட்டைச் சரக்குப் பெட்டிகளே போதும். பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். கை எட்டாத மூலையில்தான் வண்டி கவிழும்! அப்புறம், டர்பன் ஈரக்காற்றுக்குப் பிளைவுட் உப்பும். அடிப்பக்கமும் பெயின்ட் அடியுங்கள்.