வெட்டிய சரிவும் ஐப்பசி மழையும்

கேள்வி: குன்னூர் அருகே 5 சென்ட் சரிவு மனையில் வீடு கட்டுகிறோம். பின்புறம் பத்தடி உயரத்துக்கு மண்ணை வெட்டி, எடுத்த மண்ணை முன்விளிம்பில் குவித்திருக்கிறோம். தடுப்புச் சுவர் எழும்புவதற்குள் மழை வந்துவிடும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வெட்டிய முகத்தில் தார்ப்பாய் போர்த்துவதற்கு முன், மேலிருந்து இறங்கி வரும் நீரைத் திருப்பிவிடுங்கள். நீலகிரியின் செம்மண் வெயில் காலத்தில் செங்குத்தாகவே நிற்கும். அதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நீர் ஊற ஊற மண்ணின் எடை கூடி, துகள்களுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாகச் சரிகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது மாவட்டம் முழுவதும் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வெட்டின் மேல் விளிம்பிலிருந்து ஆறடியாவது தள்ளி, சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி அகலத்தில் வாய்க்கால் எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் சிமென்ட் பூசிவிடுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் விரிப்பாவது போடுங்கள். பூசாத வாய்க்கால் நீரை வெட்டுக்குப் பின்னாலேயே ஊறவிடும் என்பதால், அது இல்லாமலிருப்பதே மேல். 10 செ.மீ. மழை பெய்தால் உங்கள் மனையில் மட்டும் சுமார் 20,000 லிட்டர் விழும்; மேட்டிலிருந்து வருவது தனி. ஆகவே வாய்க்காலைப் பக்கத்து மனையில் திறந்துவிடாமல், ஏற்கெனவே உள்ள ஓடை வரை கொண்டுசெல்லுங்கள்.

முன்விளிம்பில் குவித்த மண்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இறுக்கப்படாத அந்த மண் கீழ்வீட்டின் மேல் இறங்கக்கூடும். மழைக்கு முன் அதை அப்புறப்படுத்துங்கள். மணல் மூட்டை அடுக்குவது சேற்றைத் தடுக்குமே தவிர, சரியும் மண்ணைத் தாங்காது. மண்ணைப் பிடித்து நிறுத்த வெட்டிவேர் நடுவது நல்ல யோசனைதான், ஆனால் வேர்பிடிக்க மாதங்கள் ஆகும் என்பதால் இந்த மழைக்கு உதவாது. தடுப்புச் சுவர் கட்டும்போது பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் வெளியேறத் துளைகள் விடுங்கள்.

மழை நாட்களில் காலையும் மாலையும் மேல் விளிம்பை நடந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாக விரல் நுழையும் வெடிப்பு தெரிந்தாலோ, வெட்டின் அடியில் கசியும் நீர் திடீரெனக் கலங்கினாலோ, வேலையை நிறுத்திக் கீழே குடியிருப்பவர்களுக்கும் உடனே சொல்லி அனுப்புங்கள். தொழிலாளர்கள் தங்கும் கொட்டகை வெட்டின் அடியில் இருந்தால், இன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றுங்கள்.