பேஸ் கிட்டாருக்குத் தடித்த கம்பி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் நான்கு கம்பி பேஸில் 45-65-80-100 செட் (கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இருக்கிறது. 50-70-90-110 மாட்டினால் கழுத்து வளைந்துவிடுமா?

பதில்: எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கம்பியின் நீளமும் சுருதியும் மாறாவிட்டால், எடை கூடும் அளவுக்கு இழுவிசையும் கூடும். 100-க்குப் பதில் 110 என்றால் தடிமன் 10 சதவீதம்தான் கூடுகிறது. எடை ஏறத்தாழ 20 சதவீதம் கூடிவிடுகிறது. மற்ற மூன்று கம்பிகளிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

சுருதியை இறக்கினால் கணக்கு மாறும். அரைச் சுரம் இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் குறையும், ஒரு முழுச் சுரத்துக்கு 21 சதவீதம். ஆகவே இந்தச் செட்டை முழுச் சுரம் இறக்கி டி-ஜி-சி-எஃப் என்று வைத்தால், கழுத்துக்குப் பழைய பாரமேதான். பெரும்பாலும் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும், அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) தொடவே வேண்டாம். வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-யிலேயே வாசிப்பீர்கள் என்றால் கழுத்து முன்பக்கம் வளையும், ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுகளுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) உயரும். கழுத்து ஒடிந்துவிடாது, பயப்பட வேண்டாம்.

சரிசெய்யும் முறை: சுருதி சேர்த்த பிறகு முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவது) காப்போ எனும் கவ்வியைப் போட்டு, ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி போதும், ஒரு சீட்டுக்கட்டு அட்டை நுழையும் அளவு. அதைவிட அதிகமானால், கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி ட்ரஸ் ராடைக் கடிகார முள் திசையில் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். மரம் நிலைகொள்ள ஒரு நாள் விட்டு இன்னொரு முறை அளப்பது நல்லது. திருகு இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மாற்றிய பிறகு ஈ கம்பியை ட்யூன் செய்யும்போது 'டிக்' என்று சத்தம் வந்து சுருதி தாவுகிறது. ட்யூனர் (கம்பியை முறுக்கும் திருகாணி) கெட்டுவிட்டதா?

பதில்: ட்யூனரைச் சந்தேகிக்கும் முன் நட்டை, அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் பள்ளங்கள் கொண்ட பட்டையைப் பாருங்கள். 100 கம்பி 2.54 மி.மீ., 110 என்பது 2.79 மி.மீ. பழைய பள்ளத்தில் அது அடிவரை இறங்காமல் பக்கச் சுவர்களில் சிக்கி நிற்கிறது. சிக்கியது விடுபடும்போதுதான் அந்தச் சத்தம். முதல் ஃப்ரெட்டில் சுருதி சற்றுக் கூடிக் கேட்பதும் இதனால்தான்.

பள்ளத்தைக் கம்பியைவிட ஒரு மயிரிழை அகலமாக்க வேண்டும், ஆழமாக்கக் கூடாது. நட் அரம் இல்லையென்றால் பழைய கம்பித் துண்டில் 600 எண் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்கலாம். ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் உள்ள தலைப்பகுதி) பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும். ஃப்ரெட் பக்க விளிம்புதான் உயர்ந்த புள்ளி. ஆழம் மிஞ்சினால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். அதற்கு நட்டையே மாற்ற வேண்டிவரும், அதனால் நாலு இழுப்புக்கு ஒருமுறை கம்பியை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: 12-ஆவது ஃப்ரெட்டில் சுருதி கூடிவிடுகிறதே?

பதில்: தடித்த கம்பி விறைப்பானது, அழுத்தினால் சுருதி ஏறும். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மானிக்கோடு ஒத்துப்போகும் வரை சேடிலை (பிரிட்ஜில் கம்பி தாங்கும் சிறு துண்டு) பின்னுக்கு நகர்த்துங்கள். இடம் போதாவிட்டால் சேடில் திருகில் உள்ள ஸ்பிரிங்கைச் சிறிதாக வெட்டிக்கொள்ளலாம். இதைக் கழுத்து, ஆக்‌ஷன், நட் எல்லாம் முடிந்த பிறகே செய்யுங்கள். முன்னால் செய்தால் திரும்பவும் செய்ய வேண்டிவரும்.

கேள்வி: கம்பியை எங்கே வெட்டுவது?

பதில்: ட்யூனர் தண்டைத் தாண்டி 10–12 செ.மீ. விட்டு, முதலில் செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, புதுக் கம்பியும் செத்த சத்தம் போடும்.