பனி, பணி, பானி: ஒலி ஒன்றானால் வேரும் ஒன்றா?

கேள்வி இதுதான்: பக்கத்து மொழிகளிலும் தூரத்து மொழிகளிலும் நம் சொற்களைப் போலவே ஒலிக்கும் குட்டிச் சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. அவையெல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா?

சில ஆம், பல இல்லை. காதுக்கு ஒத்துப்போவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், அடுத்த தெருவில் தெலுங்கு. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு இந்தியும் சேர்ந்துகொண்டது. கடைக்குப் போய் வந்தாலே இந்தக் கேள்விக்கு நாலு உதாரணம் கிடைத்துவிடும்.

'பனி'யை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மார்கழியில் பெய்வது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எங்கள் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது நர்ஸ், "அம்மச்சி, பனியுண்டோ?" என்று கேட்டார். பாட்டி, "சித்திரை மாசத்துல ஏது கண்ணு பனி?" என்றார். தெலுங்கில் பனி என்றால் வேலை. இந்திக்காரர் பானி கேட்டால் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

இந்த நான்கில் தமிழ்ப் பனியும் மலையாளப் பனியும் ஒரே சொல். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். குளிரில் நடுங்குவதையும் அச்சத்தில் நடுங்குவதையும் சங்கப் பாடல்கள் அப்படிச் சொல்கின்றன. மலையாளம் அந்த நடுக்கத்தைக் காய்ச்சலுக்கு வைத்துக்கொண்டது, நாம் குளிருக்கு வைத்துக்கொண்டோம். நம் பனியை மலையாளிகள் மஞ்ஞு என்பார்கள். தெலுங்கில் அது மஞ்சு. தமிழிலும் மஞ்சு இருக்கிறது, ஆனால் மேகம் என்ற பொருளில்.

தெலுங்குப் பனி வேறு குடும்பம். அது நம் 'பணி', மூன்று சுழி ண போட்டு எழுதுகிறோமே, அந்தப் பணி. தெலுங்கு தன் சொந்தச் சொற்களில் பெரும்பாலும் ணகரத்தை னகரமாக்கிவிட்டது. கண் அங்கே கன்னு, மண் மன்னு, வெண்ணெய் வென்ன. அதே வழியில்தான் பணி பனி ஆனது. மலையாளம் இரண்டு ஒலிகளையும் காப்பாற்றியதால் அங்கே பனி காய்ச்சலாகவும் பணி வேலையாகவும் குழப்பமில்லாமல் நிற்கின்றன. இந்தி பானி இவை எதற்குமே சொந்தமில்லை. 'பா' என்றால் குடிப்பது என்ற சமஸ்கிருத வேரிலிருந்து வந்த 'பானீயம்' தேய்ந்து பானி ஆனது. ராமநவமிக்குக் கொடுக்கும் பானகத்துக்குத்தான் அது உறவு.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ண, ன விஷயம். ஒரு சொல்லில் மட்டும் மாறியிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வரிசையாகப் பல சொற்களில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் நடந்திருந்தால்தான் உறவு உறுதி. மொழியியலாளர்கள் தேடுவது இந்த ஒழுங்கைத்தான். எல்லையில் வளரும் பிள்ளைகள் பாடம் படிக்காமலேயே இதைப் பிடித்துக்கொள்வார்கள். நம் ழகரம் பல சொற்களில் தெலுங்கில் டகரமாகும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கோழி கோடி ஆகும், ஏழு ஏடு ஆகும். இந்த 'ஏடு' இன்னும் சுவையானது. தெலுங்கில் அதற்கு ஆண்டு என்றும் பொருள் உண்டு, அது நம் பழைய 'யாண்டு'வின் உடன்பிறப்பு. 'அழு' என்று சொல்வதற்கும் அதே ஒலிதான். தமிழிலோ ஏடு என்றால் ஓலைச்சுவடியின் ஏடு. தனித்தனிச் சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டிருக்கின்றன.

அப்புறம், காதுக்கு ஒட்டவே ஒட்டாத சொற்கள் சொந்தமாக இருப்பதும் உண்டு. தெலுங்கு 'லோ'வும் தமிழ் 'உள்'ளும் ஒரே சொல். 'ரோலு' என்பது நம் உரல்தான். முதல் உயிரெழுத்தைப் பின்னால் தள்ளிவிடும் பழக்கம் தெலுங்குக்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் இவை புரிந்துவிடும். அதேபோல தெலுங்கில் நாள் முழுக்கப் புழங்கும் 'சாலா' (ரொம்ப) நமக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது: 'சாலவும் நன்று' என்று சின்ன வயதில் படித்தோமே, அந்தச் 'சால'. ஒரு மொழி மறந்ததை இன்னொரு மொழி அன்றாடம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்துவிடும்.

சரி, தூரத்து மொழிகளுக்கு வருவோம். ஆங்கில ஒன் நம் ஒன்றிலிருந்தும், எய்ட் நம் எட்டிலிருந்தும் போனவை என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எட்டை மட்டும் பார்ப்போம். நம் எட்டின் வேர் 'எண்'. எண்பது, எண்ணூறு, எண்திசை எல்லாவற்றிலும் அது பளிச்சென்று தெரிகிறது. கன்னடத்தில் எண்ட்டு, தெலுங்கில் எனிமிதி (ண போய் ன வந்திருப்பதைப் பாருங்கள்). ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'எஅஹ்தா'. லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. எய்ட் என்று எழுதும்போது நடுவில் உச்சரிக்காமல் நிற்கும் ஜி, எச் இரண்டு எழுத்துகளும் மறைந்துபோன அந்தத் தொண்டை ஒலியின் தடம். பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொற்களும் விலகிக்கொண்டே போகின்றன. உறவுச் சொற்களாக இருந்தால் நெருங்கி வந்திருக்கும். ஒன் கதையும் இதேதான்: பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்'. முன்னால் ஒட்டிய வகர ஒலி மிகப் பிந்தியது, அதே சொல்லிலிருந்து பிறந்த 'அலோன்', 'ஒன்லி' ஆகியவற்றில் அது இல்லை.

தமிழ்மீது பற்று உள்ளவர்கள்தான் இந்தச் செய்திகளைப் பரப்புகிறார்கள். அந்தப் பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் வருத்தமாக இருக்கிறது. பொய்யான உறவுகளைக் காட்டிக்கொண்டிருந்தால் உரலும் ரோலும் போன்ற உண்மையான உறவுகளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குட்டிச் சொற்களில் தற்செயல் ஒற்றுமை இவ்வளவு இருப்பதற்குக் காரணம் எளிது. நன்னூல் தமிழில் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று கணக்கிடுகிறது. ஆ, ஈ, கை, தீ, பூ, நா, மா போன்றவை. வாய் எழுப்பும் ஒலிகள் எல்லா ஊரிலும் கொஞ்சம்தான். இப்படிச் சின்னச் சொற்கள் எல்லா மொழியிலும் இருக்கும்போது மோதாமல் இருக்க முடியாது. தமிழில் கோ அரசன். சமஸ்கிருதத்தில் கோ பசு, அது ஆங்கிலக் 'கவ்'வுக்கு உறவு. ஜப்பானியத்தில் கோ என்றால் ஐந்து. சில சமயம் பொருளும் சேர்ந்தே பொருந்திவிடும். சீனத்தில் நீ என்றால் நீதான். கொரியத்தில் புல் என்றால் புல்தான். ஆஸ்திரேலியாவில் இம்பாபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குச் சொல் 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதே இல்லை. 'குடக' என்ற பழைய சொல் அந்த மொழியின் சொந்த விதிகளின்படி தேய்ந்து அப்படி ஆனது என்பதை ஆய்வாளர்கள் பக்கத்து மொழிகளை வைத்து நிறுவியிருக்கிறார்கள்.

அம்மா, அப்பா வகைச் சொற்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பேசத் தொடங்கும் குழந்தைக்கு உதட்டை மூடித் திறந்தால் வரும் ம, ப ஒலிகள்தான் முதலில் எளிது. அவற்றைப் பெற்றோர் தங்களுக்கான பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். கொரியக் குழந்தை அப்பாவை அப்பா என்று அழைப்பது அதனால்தான். யார் எதை எடுத்துக்கொள்வது என்பதில்கூட விதி இல்லை. நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த துளுவிலேயே 'அப்பெ' என்றால் தாய், 'அம்மெ' என்றால் தந்தை. ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா.

கடன் வாங்கிய சொற்கள் தனி ரகம். எங்கள் பக்கம் கடைகளில் சாயா, எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் டீ. இரண்டும் ஒரே சீனச் சொல்தான். தென்கிழக்குச் சீனத் துறைமுகப் பேச்சில் அது 'தே', டச்சு வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் ஆங்கில டீ ஆனது. சீனாவின் மற்றப் பகுதிகளில் 'சா', தரைவழியே பாரசீகம் போய்ச் சாய் ஆனது.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. தமிழ் முதல் பலூசிஸ்தானத்துப் பிராகுயி வரை ஒரே மூலத்திலிருந்து வந்த இனச்சொற்களை எண் போட்டு அடுக்கியிருப்பார்கள். வடமொழி வழி வந்த சொல்லோ என்று தோன்றினால் அதே தளத்தில் டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பீட்டு அகராதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.